கழுவாத வடிதாள்

ராக்னி பின்னிய தொப்பியை அந்தக் கப்பலில் போடாதவள் நான் ஒருத்திதான். கேப்டன் போட்டிருந்தார். சமையல்காரன் போட்டிருந்தான். கரடி வந்தால் விரட்டத் துப்பாக்கியோடு பனிமேல் நிற்கும் எய்லிஃப் கூட, அந்த முரட்டு ஆள், இரண்டு காதையும் மூடிக்கொண்டு உச்சியில் குஞ்சம் ஆட அதைத்தான் போட்டிருந்தான். எனக்கும் ஒன்று பின்னித் தந்தாள். பச்சையும் பழுப்பும் கலந்த நூல். "உன் பாசி கலர்லயே போட்டிருக்கேன் பாரு" என்றாள். நல்ல தொப்பிதான். அதை என் பெட்டியில் காலுறைகளுக்கு அடியில் திணித்துவிட்டு, காது விறைத்தாலும் பரவாயில்லை என்று பழைய தொப்பியோடு திரிந்தேன்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்கு வராது. அவளும் நானும் எங்கள் வடக்குத் துறைமுக ஊரான த்ரோம்சோவில் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இந்தப் பயணத்தில் ஒரே கேபின். அவள் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில். அவளுடைய நூல்கண்டு உருண்டு வந்து என் முகத்தில் விழும். அவளுடைய பூட்ஸ் அறையின் நடுவில் கிடக்கும். ஆய்வு மேசையில் அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் போதும், அந்த இடம் சந்தை கலைந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் தொட்டதெல்லாம் அவளுக்குத்தான் துலங்கும். கருத்தரங்கில் அவள் பேச எழுந்தால் கடைசி வரிசை வரைக்கும் ஆட்கள் முன்னால் சாய்ந்து உட்காருவார்கள். நான் பேச எழுந்தால் காபி எடுத்துவரப் போவார்கள்.

எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வாக்கியம். கூழ்ப்பாசி மூழ்காது.

சிரிக்க வேண்டாம். மே மாதம் பனித்தளம் வெடித்து, பிளவுகள் வழியே வெளிச்சம் உள்ளே இறங்கியதும் எங்கள் கடல் பூக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசிகள், காற்றிலிருந்து கடலில் கரைந்த கார்பனைத் தின்று தின்று பெருகி, தண்ணீரையே பழுப்பாக்கிவிடும். பெருகியதெல்லாம் அப்புறம் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. டயாட்டம் என்கிற பாசிக்குக் கண்ணாடி ஓடு. கனம். செத்தால் நேரே அடிக்குப் போகும், தின்ற கார்பனையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். அங்கே போனது பல நூறு வருஷத்துக்கு மேலே வராது. கூழ்ப்பாசி அப்படியில்லை. ஓடு கிடையாது, வெறும் கொழகொழ உருண்டை. பாலில் ஆடை மிதப்பதுபோல மேலேயே மிதக்கும். மேலேயே அழுகும். அது தின்ற கார்பன் திரும்பக் காற்றுக்கே போய்விடும்.

இதைச் சொன்னவள் நான். பதினைந்து வருஷமாகப் பனியில் ஓட்டை போட்டு, பொறி இறக்கி, ஏற்றி, வடிகட்டி, கழுவி, எடைபோட்டுச் சொன்னேன். பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் கூழ்ப்பாசி என்று வந்தால் என் வாக்கியத்தைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். "உன் கல்லறையில வேற எதுவும் எழுத வேண்டியதில்ல" என்று ஓட்வார் கேலி செய்வான். ஓட்வார் எங்களுக்கு ஒரு வருஷம் மூத்தவன், இந்தப் பயணத்தின் தலைவன். அவன் கேலியாகச் சொன்னதை நான் உள்ளுக்குள் நிஜமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாக்கியத்தின் மேல்தான் ராக்னி கை வைத்தாள். அதுவும் தெரியாமல் வைத்தாள்.

ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே, கடல்மேல் உறைந்த ஒரு பெரிய பனித்தளத்தில் கப்பலைக் கட்டியிருந்தோம். சூரியன் மறையாத காலம். ராக்னி டயாட்டம் தேடி வந்தவள். பனியில் ஓட்டை போட்டு, நீளக் கயிற்றில் அவளுடைய பொறியை ஆழத்துக்கு இறக்கியிருந்தாள். பொறி என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. மேலே வாய் திறந்த நாலைந்து கண்ணாடிக் குழாய்கள். மேலிருந்து விழுவதெல்லாம் அதில் வந்து தங்கும். அதை அன்று ஏற்றினார்கள். நான் கொஞ்சம் தள்ளி என் வலையை அலசிக்கொண்டிருந்தேன்.

"ஹெர்தீஸ்! ஓடியா, ஓடியா!" எய்லிஃப் கத்தினான். "உன் கூழு கீழ எறங்கி ஜம்முனு உக்காந்திருக்கு!"

போய்ப் பார்த்தேன். குழாய்களின் அடியில் விரல் தடிமனுக்குப் பழுப்புக் கூழ். அந்த நாற்றம் எனக்கு என் சமையலறை வாசனையைவிட நன்றாகத் தெரியும். ராக்னி குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள். என்னை!

"நீதான் சொல்லணும். உன் பொறி" என்றேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் கப்பல் முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் சூப்பை ஊற்றிக்கொண்டே ஓட்வார் ஆரம்பித்தான்.

"ஏ ஹெர்தீஸ், உன் கல்லறைக்குக் கல்லு வெட்டச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லட்டுமா?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பல்லைக் காட்டினால் சிரிப்புதானே.

"சும்மா இருடா" என்றாள் ராக்னி. "ஒரே ஒரு தடவை வந்ததை வச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுறீங்க எல்லாரும். அவ பதினஞ்சு வருஷம் பாத்தவ."

ஓட்வார் கேலி செய்ததைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் எனக்குப் பரிந்து பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை. சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

கேபினில் மேல் கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டுக் கேட்டாள்.

"கோவமா?"

"எதுக்குக் கோவம்?"

"மூஞ்சியே சொல்லுதே."

"என் மூஞ்சியே அப்படித்தான்."

"சத்தியமா எனக்கு இது வேண்டாம்டி. நான் டயாட்டம் தேடி வந்தவ. உன் கூழை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

வேண்டாமாம். பசியே இல்லை என்று சொல்லிக்கொண்டே என் தட்டில் கை போடுகிறவளை நான் என்ன செய்வது? பதினைந்து வருஷம் நான் கவனமாகத் தேடியும் கண்ணில் படாதது, வேறு எதையோ தேடி வந்தவளின் மடியில் வந்து விழுகிறது. வயிறு எரிந்தது. அன்று முழுக்க எரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அவள் எங்கேயாவது தப்புச் செய்திருக்க வேண்டும், செய்திருக்கத்தான் வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுடைய லட்சணத்துக்குத் தப்பில்லாமல் ஒரு வேலை நடக்குமா?

நடக்கவில்லை. காலையில் அவள் பனிக்குப் போனதும் அவளுடைய மேசைக்குப் போனேன். குழாயில் இருந்ததை வடிதாளில் வடிகட்டி, காயவைத்து, எடையும் போட்டு வைத்திருந்தாள். நல்ல கனம். அந்த வடிதாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பழுப்புக்கு நடுவே பளிச், பளிச் என்று மினுங்கியது. எனக்கு மனசு குளிர்ந்தது. கழுவவில்லை! கடல்நீரை வடிகட்டினால் தாளில் உப்பு தங்கும். காய்ந்தால் அந்த உப்பின் எடையும் சேர்ந்துவிடும். அதனால் வடிகட்டியதும் நல்ல தண்ணீரைப் பீச்சிக் கழுவ வேண்டும். இது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தை எழுதி எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டியவளே நான்தான். 'ஹெர்தீஸ் குளியல்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளுடைய வடிதாள்களில் ஒன்றை எடுத்துக் கழுவி, காயவைத்து, எடைபோட்டேன். முக்கால்வாசிக் கனம் போயிருந்தது. மினுக்கமும் போயிருந்தது. பழுப்புக் கூட வெளிறி, தேநீர்க் கறை மாதிரி ஆகிவிட்டிருந்தது. சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் கப்பலில் வாஃபிள் சுடுவார்கள். வெண்ணெயும் ஏலக்காயும் சேர்ந்து மணக்கும். எந்த வேலையில் இருந்தாலும் அத்தனை பேரும் போட்டது போட்டபடி வந்துவிடுவார்கள். அதற்குத்தான் காத்திருந்தேன். பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்த ஓட்வாரின் முன்னால் ஒரு தட்டை வைத்தேன். தட்டில் ராக்னியின் கழுவாத வடிதாள் ஒன்று, பக்கத்தில் நல்ல தண்ணீர்க் குப்பி.

"எல்லாரும் கொஞ்சம் இதைப் பாருங்க" என்றேன். "மினுங்குது பாருங்க. இதுதான் ராக்னி கண்டுபிடிச்ச கனம்."

குப்பியை அழுத்திப் பீச்சினேன். கொஞ்ச நேரத்தில் மினுக்கம் கரைந்து போயிற்று.

"உப்பு" என்றேன். "வெறும் உப்பு. இன்னொண்ணைக் கழுவி எடையும் போட்டுட்டேன். முக்கால்வாசி போயிடுச்சு."

"கூழு இருந்துச்சே? நான் கண்ணால பாத்தேனே" என்றான் எய்லிஃப்.

"குழாய்க்கு வாய் திறந்துதானே இருக்கு? ஓட்டை வழியா ஏத்தும்போது மேல மிதக்கிற சளியை அள்ளிக்கிட்டு வந்திருக்கு. கரண்டியை விட்டா ஆடை வராதா?"

ஓட்வார் வாஃபிளைக் கீழே வைத்தான். "ராக்னி, நீ கழுவலையா?"

"மறந்துட்டேன்" என்றாள் ராக்னி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தொப்பிக்குக் கீழே அவள் கன்னம் சிவந்தது. அந்த ஈரத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். தோற்றவள் வேறு எங்கே பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வாஃபிள் எனக்கு ரொம்ப ருசித்தது. ஜாம் வேறு அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஓட்வார் விடுகிற ஆள் இல்லை. "ரெண்டு பேரும் கேளுங்க. கிளம்புறதுக்கு முன்னால இன்னொரு தடவை இறக்கலாம். இந்தத் தடவை குழாய்க்கு மூடி போடு ராக்னி. கீழ இருக்கும்போதே கயித்தை இழுத்து மூடிட்டு அப்புறம் ஏத்து. மேல மிதக்கிறது எதுவும் உள்ள வரக் கூடாது. அதுல இருக்கிறதை ஹெர்தீஸ் முறைப்படி கழுவி எடை போடுவோம். கனம் இருந்தா ராக்னி சொன்னது சரி. இல்லேன்னா ஹெர்தீஸ். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது."

"எனக்குச் சரி" என்றேன்.

ராக்னி கொஞ்சம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அதற்குப் பிறகு சில நாள் அவள் அதிகம் பேசவில்லை. பின்னல் ஊசியைக் கூடத் தொடவில்லை. மேல் கட்டிலில் மல்லாந்து கிடப்பாள். நான் கீழே சீட்டியடித்துக்கொண்டு சட்டை மடித்தேன்.

பொறியை ஏற்ற வேண்டிய நாள் பனித்தளம் உடைந்தது. காலைச் சாப்பாட்டின்போது தடால் என்று ஒரு சத்தம். கப்பல் ஊதியது. வெளியே ஓடிப் பார்த்தால் பனிமேல் நாங்கள் போட்டிருந்த கூடாரத்துக்கும் கப்பலுக்கும் நடுவே விரிசல் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் பனிக்கு இறங்கினோம். ராக்னியும் நானும் கையால் கயிற்றைச் சுற்றிப் பொறியை ஏற்றினோம். வேலை என்று வந்துவிட்டால் நாங்கள் இருவரும் ஒரே கைதான், அதை மட்டும் சொல்லியாக வேண்டும். குழாய்கள் மேலே வந்தன. மூடிகளில் பனி அடைத்து ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் திறந்தே கிடந்தன. ஒரே ஒரு குழாய் மட்டும் இறுக மூடியிருந்தது. உள்ளே அடியில் பழுப்பாக ஏதோ. டயாட்டமா, கூழா, வெறும் கண்ணுக்குத் தெரியாது.

கூடாரம், பனியில் சறுக்கும் ஸ்லெட்ஜ் வண்டி, கம்பிகள் எல்லாவற்றையும் இழுத்துப் போக வேண்டும். ஆள் போதவில்லை. ராக்னி அந்தக் குழாயைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"நீ கொண்டு போ. குளிர் அறையிலயே வச்சுப் பாரு. நீயே வடிகட்டிடு."

பக்கத்தில் நின்ற எய்லிஃப்புக்குக் கண் வெளியே வந்துவிட்டது. "ஏய், உனக்குக் கிறுக்கா? போயும் போயும் இவகிட்டயா குடுக்குற?"

"இவகிட்டதான்" என்றாள் ராக்னி. கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்லெட்ஜை இழுக்கப் போய்விட்டாள்.

குளிர் அறை என்றால் கடல் இருக்கும் குளிருக்கே வைத்திருக்கும் சின்ன அறை. மேசை, மைக்ராஸ்கோப், வடிகட்டும் புனல், தண்ணீர்க் குப்பி. வழக்கமாக நான் இங்கே பார்ப்பதில்லை. ஜாடிகளில் மருந்து ஊற்றி மூடி, ஊருக்குக் கொண்டுபோய், மாதங்கள் கழித்து என் சூடான கூடத்தில் காபி குடித்தபடி நிதானமாகத் திறப்பேன். பதினைந்து வருஷமும் அப்படித்தான். அன்று கையுறையோடு, மூக்கு ஒழுக உட்கார்ந்து, குழாயின் அடியிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடியில் விட்டுப் பார்த்தேன்.

கூழ்ப்பாசி. உருண்டை உருண்டையாக, ஒன்று கூட உடையாமல். மூடிய குழாய்க்குள், அவ்வளவு ஆழத்திலிருந்து வந்திருக்கிறது. மூழ்கியிருக்கிறது.

இன்னும் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸுக்கு மாற்றினேன். உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு உருண்டையிலும் ஊசி ஊசியாக ஏதோ குத்திக்கொண்டு நின்றது. கண்ணாடித் துண்டு போன்ற ஊசிகள். பளிச், பளிச். அதே மினுக்கம். நான் உப்பு என்று சொல்லி வாஃபிளோடு சேர்த்து விழுங்கிய மினுக்கம். சாப்பாட்டு உப்பாக இருந்தால் இந்தக் கடல்நீரில் இப்படி நிற்குமா? எப்போதோ கரைந்திருக்கும்.

பக்கத்தில் இன்னொரு துளி வைத்து, அதில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊசிகள் மெல்ல மெல்ல இளைத்துக் காணாமல் போயின. அதற்குள் உருண்டைகள் உப்பி, ஒவ்வொன்றாக வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீரோடு கலைந்து ஓடிற்று. வடிதாளில் இதைச் செய்தால் எல்லாமே கீழே வடிந்துவிடும். மிஞ்சுவது தேநீர்க் கறை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஜிப்சம். சாக்கட்டி செய்கிற அதே கல். கடல் உறையும்போது உப்புநீர் பனிக்குள்ளே சிக்கி, கடுங்குளிரில் அதில் ஜிப்சம் ஊசி விளையும் என்று எப்போதோ படித்தது. வசந்தத்தில் பனி உருகும்போது அந்த ஊசிகள் கொட்டுகின்றன. கீழே மிதக்கிற கூழில் குத்திக்கொள்கின்றன. கல்லைக் கட்டிய மூட்டை மாதிரி கூழைக் கீழே இழுத்துக்கொண்டு போகின்றன. நான் பதினைந்து வருஷமாக அந்தக் கல்லையும் மூட்டையையும் சேர்த்து நல்ல தண்ணீரில் கழுவிச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். என் ஜாடிகளைத் திரும்பத் திறந்து பார்க்கலாம் என்றால் மாதக்கணக்கில் ஊறி அவற்றில் இந்நேரம் எல்லாம் கரைந்து போயிருக்கும். கூழ்ப்பாசி மூழ்காமல் இல்லை. மூழ்கியதை நான் கழுவியிருக்கிறேன்.

இதை எது காட்டிக்கொடுத்தது? ராக்னியின் சோம்பல்! கழுவ மறந்தாளாம். ஒழுங்காக வேலை செய்த நான் குருடி, ஒழுங்கில்லாத அவளுக்குக் கண். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்ராஸ்கோப்பைத் தூக்கி எறிந்திருப்பேன்.

எறியவில்லை. குழாயில் இருந்ததைப் புனலில் வடிகட்டினேன். தாள் முழுக்க மினுங்கியது. தண்ணீர்க் குப்பியை எடுத்தேன். விதியே அதுதானே? ஹெர்தீஸ் முறைப்படி கழுவி எடைபோடு என்று ஓட்வார் அத்தனை பேர் முன்னால் சொன்னான். ராக்னியும் சரி என்றாள். நான் கழுவினால் பொய்யும் இல்லை, திருட்டும் இல்லை. வேலை. பனித்தளம் உடைந்துவிட்டது, வேறு குழாய் கிடையாது, கப்பல் கிளம்புகிறது. ஒரே ஒரு பீச்சு. என் வாக்கியம் நான் சாகும்வரை நிற்கும்.

குப்பியைத் தாளுக்கு நேரே பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மேலே சங்கிலி இழுக்கிற சத்தம், யாரோ கத்துகிற சத்தம். நான் நல்லவள் என்பதால் கை நின்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு நினைப்பு வந்தது, அதனால் நின்றது. இது ஜிப்சம் என்று ராக்னிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதலில் பார்த்தது அவளாக இருக்கலாம், முதலில் சொல்லப் போவது நான். அவள் தடுக்கி விழுந்து கண்டதற்குப் பெயர் சொன்னவள் நான் என்று இருக்கட்டுமே! அந்த ஆசையில்தான் கை நின்றது.

கதவு திறந்தது. ராக்னி. தொப்பியில் பனி, உதடு வெடித்திருந்தது, மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள்.

"கழுவிட்டியா?"

"இல்ல."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து தாளைப் பார்த்தாள், மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அது ஜிப்சம்" என்றேன், பெரிய ராணி மாதிரி.

"தெரியும்" என்றாள், கண்ணை எடுக்காமலே.

"என்ன தெரியும்?"

"நீ அன்னைக்கு வாஃபிள் நேரத்துல தண்ணி பீச்சினியே, அப்பவே சந்தேகம் வந்துச்சு. சாப்பாட்டு உப்பா இருந்தா தண்ணி பட்டதும் காணாமப் போயிருக்கும். இது நின்னு நிதானமா கரைஞ்சுது. அதுவும் குழாய்க்குள்ள கடல்தண்ணில இருந்தப்பவே மினுங்குச்சு. நான்தான் பாத்தேனே. சாப்பாட்டு உப்பு அப்படி நிக்காதேன்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். ரெண்டு நாள் ஆச்சு பிடிபட."

குப்பியைக் கீழே வைத்தேன். முதலில் சொன்னவள் என்கிற அந்த ஒன்றும் போயிற்று.

"அப்போ அங்கயே சொல்றதுக்கென்ன? ஓட்வார் கழுவணும்னு சொன்னப்போ வாயை மூடிக்கிட்டு சரின்னியே?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? கழுவ மறந்தவ, மானம் போனதும் ஒரு கதை கட்டுறான்னு சிரிச்சிருப்பீங்க. நீயே முதல்ல சிரிச்சிருப்ப."

சிரித்திருப்பேன்தான்.

"அதனால?"

"அதனாலதான் உன்கிட்ட குடுத்தேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது பொய்யா இருக்கணும்னு இந்தக் கப்பல்ல உன்னைவிட ஆசைப்படுறவ யாருடி? நீ வயிறெரிஞ்சுக்கிட்டே பாப்ப. ஓட்டை எங்க, ஒடைசல் எங்கன்னு தேடித்தேடிப் பாப்ப. அப்படிப் பாத்துட்டு நீயே 'இருக்கு'ன்னு சொன்னா, அதுக்கப்புறம் எவனாவது வாயைத் திறப்பானா?"

எனக்கு வயிறு எரிவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நான் கழுவியிருந்தா?"

"போயிருக்கும்." தோளைக் குலுக்கினாள். "இருந்தது அது ஒண்ணுதான்."

"பயமா இல்லையா உனக்கு?"

"ஏன் இல்லாம? ஸ்லெட்ஜ் இழுக்கும்போது கால் நடுங்குச்சு. எய்லிஃப் பாத்து, கரடியைக் கண்டியான்னு கேட்டான்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்வார் என் முகத்தைத்தான் பார்த்தான். "என்ன ஹெர்தீஸ், எடை என்ன ஆச்சு?" நான் எழுந்து நின்றேன். கழுவவில்லை என்றேன். கழுவக் கூடாது என்றேன். ஜிப்சம் பற்றிச் சொன்னேன், என் குளியல் என்ன செய்கிறது என்பதையும் சொன்னேன். கடைசியாக, "கூழ்ப்பாசி மூழ்குது" என்றேன். யாரும் காபி எடுக்க எழவில்லை. எய்லிஃப் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தான். ராக்னி சொன்னது சரிதான், ஒருவன் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து ஓட்வார், "கல்லு வெட்டுறவனுக்கு நான் சொல்லிடுறேன்" என்று மெதுவாகச் சொன்னான். அப்போது சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்தத் தடவை நிஜமாகவே கொஞ்சம் வந்தது.

இப்போது கப்பல் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. ராக்னி மேல் கட்டிலில் அடுத்த தொப்பி பின்னுகிறாள். நூல்கண்டு சற்றுமுன் என் முகத்தில் விழுந்தது, எடுத்து மேலே எறிந்தேன். அவளுடைய கண்டுபிடிப்பு பெரிதாகப் பேசப்படும், எனக்குத் தெரியும். அதற்கு என் வயிறு எரியத்தான் செய்கிறது, ஆனால் அந்த எரிச்சல் எனக்குப் பழகியதுதான். தாங்க முடியாதது இன்னொன்று. என் உயிரே அந்தக் குழாயில் இருந்திருந்தால், என்மேல் வயிறெரிகிற ஒருத்தியின் கையில் நான் அதைக் கொடுத்திருப்பேனா? செத்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அவள் கொடுத்தாள். துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். அதைத்தான் என்னால் அவளிடம் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.